மிச்சம் பிடித்த வண்டி

என் வீட்டுக்காரர் காசை மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று கல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் பிளாக் முழுக்கப் பேர். மிச்சம் பிடித்த காசு எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன். "செலவாகாம இருக்குல்ல, அதுதான் மிச்சம்" என்பார். அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன பேசுவது.

அவர் ஒரு பொதுத்துறைக் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். அங்கே ஒரு மூட்டை சிமென்ட் வாங்குவதென்றாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்க வேண்டும். யார் விலை எல்லாரையும்விடக் குறைவோ அவருக்குத்தான் ஆர்டர். அந்த ஆளை ஆபீஸ் பாஷையில் எல்-ஒன் என்பார்கள். பொருள் உழைக்குமா, உடையுமா என்பதெல்லாம் அடுத்தவர் டிபார்ட்மென்ட். எல்-ஒன்னை விட்டுவிட்டு வேறொருவரிடம் வாங்கினால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்திலேயே உத்தியோகம் பார்த்து முடித்தவர். ரிடையர் ஆன பிறகு ஆடிட் வீடு தேடி வராது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கத்தரிக்காய்க்கு மூன்று கொட்டேஷன், கொசுவலைக்கு மூன்று கொட்டேஷன். எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தபோது மூன்று டாக்டர்களிடம் விலை கேட்டுக்கொண்டு சாயங்காலம்தான் வந்தார். அதுவரைக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

பொதுத்துறை என்று பேர்தானே தவிர, சொல்லிக்கொள்கிற மாதிரி பென்ஷன் கிடையாது. கையில் வந்த பணம் மகளின் கல்யாணத்தோடு கரைந்துவிட்டது. நாங்கள் வாடகைக்கு இருக்கும் கீழ்ப் போர்ஷனோடு ஒரு கார் ஷெட்டும் உண்டு. கார் ஏது எங்களுக்கு? அந்த ஷெட்டில் பெரிய கிரைண்டர் ஒன்றைப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். அவர் எதிர்க்கவில்லை, உதவவும் இல்லை. கிரைண்டருக்கு மட்டும் மூன்று கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தார். அதில் விலை அதிகமாக இருந்ததை நான் பிடிவாதம் பிடித்து வாங்கினேன். அது இன்றைக்கும் ஓடுகிறது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

மாவு என்றால் சும்மா இல்லை. ஊரிலிருந்து இட்லி அரிசியை வரவழைத்தால் கட்டுப்படியாகாது. வங்காளிகள் சோற்றுக்கு வாங்கும் புழுங்கலரிசியிலேயே எது இட்லிக்கு ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாக அரைத்து, அவித்து, கல்லாக வந்ததைக் காக்காய்க்குப் போட்டு, கடைசியில் பாக்பஜார் பக்கத்து மொத்தக் கடையில் ஒரு ரகத்தைப் பிடித்தேன். கல்கத்தாவின் புழுக்கத்தில் மாவு ஊரில் புளிப்பதுபோல் புளிக்காது, அவசரப்பட்டுப் பொங்கிவிடும். வெயில் காலத்துக்கு ஒரு பதம், மழைக்கு ஒரு பதம், ஜனவரிக் குளிருக்கு ஒரு பதம். இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நானாகக் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டது.

வாங்குகிறவர்கள் நியூ டவுனில் இருந்தார்கள். அங்கே வானத்தை முட்டும் அடுக்குமாடிகளில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாரும் உண்டு. அவர்களில் ஒரு தமிழ்ப் பெண், இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய், அந்தக் குடியிருப்பு முழுக்க வாட்ஸ்அப்பில் ஆர்டர் சேர்த்து எனக்கு அனுப்புவாள். "ஆன்ட்டி மாவு" என்றே அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் உள்ளூர ஒரு கர்வம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா. என் கை வேலைக்கென்று பேர் வைத்து யாரோ கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாடு. இரண்டு தோளிலும் இரண்டு பைகளை மாட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறுவேன். கண்டக்டர் பைகளுக்கும் டிக்கெட் கேட்பான். முட்டி வலி வேறு. ஆப் கேப் என்று போனில் வாடகைக் கார் கூப்பிட்டால் லாபம் அதிலேயே போய்விடும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: யாரையும் எதிர்பார்க்காமல், மாவை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்கு ஒரு வண்டி. இங்கே பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர ரிக்‌ஷாவை டோட்டோ என்பார்கள். நியூ டவுன் பக்கத்தில் பெண்களே அதை ஓட்டுகிறார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல். அவர்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். பழைய டோட்டோ ஒன்று வாங்க மாவுக் காசில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வந்தேன். சேர்ந்ததும் அவரிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த காரியம்.

"பழைய டோட்டோக்கு இவ்வளவு காசா? பகல் கொள்ளையா இருக்கே" என்றார்.

"என் காசுதானே. நான் பாத்து வாங்கிக்கறேன்."

"காசு யாரோடதா இருந்தா என்ன? இதுல பாதிகூட ஆகாது, நானே பண்ணித் தரேன். ஒரு பழைய வேன், ஒரு மோட்டார், நாலு பேட்டரி. அவ்வளவுதான் டோட்டோங்கறது."

வேன் என்றால் இங்கே மூன்று சக்கர மிதி வண்டி. பின்னால் பலகை அடித்து மூங்கில், சிமென்ட், கட்டில், கல்யாண வீட்டுப் பாத்திரம் எல்லாம் ஏற்றிப் போவார்கள். மறுநாளே அவர் மூன்று இடங்களில் பழைய வேன் விசாரித்துவிட்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ரிடையர் ஆன நாளிலிருந்து பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு மதியம் தூங்கிக்கொண்டிருந்த மனுஷர், அன்றைக்கு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் சாக்பீஸால் வண்டிப் படம் போட்டார். வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு எனக்கு அவர் மேல் பிரியமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது இன்னும் ஆத்திரமாக வருகிறது.

சித்திரையில் ஆரம்பித்த வேலை. கார் ஷெட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினார். மாவு அரைக்கும் இடத்தில் துரு உதிர்ந்தது. நான் கிரைண்டருக்குப் போர்வை போர்த்திப் போர்த்தி எடுத்தேன். டோட்டோ ஒன்றிலிருந்து கழற்றிய மோட்டாரை, பழைய வண்டிச் சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் பிடித்தார். பேட்டரி நான்கும் செக்டர் ஃபைவில் ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட யு.பி.எஸ். பேட்டரிகள், புதிதின் விலையில் கால்வாசிக்கு வாங்கினேன் என்று தூக்கிக் காட்டினார். பின்சக்கரம் இரண்டையும் இரண்டு கடைகளில் வாங்கினார். ஒரு கடையில் ரிம் மலிவு, இன்னொரு கடையில் டயர் மலிவு என்று ஏதோ ஒரு கூட்டல் கழித்தல். மாட்டிப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட ஒரு பொட்டு பெரிது. அன்றிலிருந்து அந்த வண்டி இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். "கைப்பழக்கத்துல சரியாயிடும்" என்றார்.

மேல்வீட்டு வங்காளிக்காரர் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைத் தூக்கிப் போடப் பார்த்துக்கொண்டிருந்தார். காயலான் கடைக்காரன் கேட்ட விலை அவருக்குப் பிடிக்கவில்லை. இவர் போய், "எனக்குக் குடுங்க தாதா, நான் எடுத்துக்கறேன்" என்று சும்மாவே வாங்கி வந்துவிட்டார். உள்ளே இருந்த கம்ப்ரஸரைக் கழற்றி விற்று அந்தக் காசில் வெல்டிங் கூலியைக் கொடுத்தார். வெறும் கூடாக மிஞ்சிய ஃபிரிட்ஜை வேன் பலகையின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்து போல்ட் போட்டார். கதவு மேலே பார்த்துத் திறக்கும். மாவு வைக்கும் பெட்டி தயார். மேல்வீட்டுக்காரர் படியில் நின்று பார்த்து, "பௌதி, தாதா தோ ஏக்கேபாரே இஞ்சினியர்" என்றார். அண்ணி, அண்ணன் சுத்தமான இஞ்சினியர் என்று அர்த்தம். இவருக்குக் காது வரை சிரிப்பு. அந்தப் புகழுக்காக இவர் இன்னும் நான்கு ஃபிரிட்ஜைச் சுமந்திருப்பார்.

இதுவரைக்கும் நான் பொறுத்தேன். ஒரு நாள் பார்த்தால் அதே ஃபிரிட்ஜுக்குள் அடியில் நான்கு பேட்டரியையும் வரிசையாக அடுக்கி, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரையும் அதற்குள்ளேயே திருகியிருந்தார். மேலே ஒரு பலகை. பலகைக்கு மேலேதான் மாவு பாக்கெட்.

"மாவுக்குக் கீழயா பேட்டரி?" என்று கேட்டேன்.

"தனியா பெட்டி அடிச்சா தகரக் காசு, வெல்டிங் காசு. மழையில நனையவும் கூடாது. ஒரே பெட்டியில ரெண்டு வேலை முடிஞ்சுது."

"சூடு ஏறாதா?"

"ஃபிரிட்ஜுமா இது. குளிர்ச்சியாதான் இருக்கும்."

"கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜ் எப்படிங்க குளிரும்?"

"இன்சுலேஷன்" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல். வெளிச் சூடு உள்ளே வராது என்பது அவர் கணக்கு. உள்ளேயே உண்டாகிற சூடு வெளியே போகாதே என்று எனக்குத் தோன்றியது, சொல்லியும் பார்த்தேன். இட்லிப் பானையை மூடி வைத்தே ஆயுசைக் கழித்தவளுக்கு இது தெரியாதா. அவர் ஸ்குரு டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டார் என்று அர்த்தமில்லை, தொந்தரவு பண்ணாதே என்று அர்த்தம்.

அதைவிட எனக்கு வயிறு எரிந்தது சீட்டைப் பார்த்தபோது. சீட்டை ஏற்றி இறக்கும் கிளாம்ப் தனிக் காசு என்று, தன் உயரத்துக்கு வைத்து நேராக வெல்டு அடித்துவிட்டார். அவர் நெடுநெடுவென்று வளர்ந்த மனுஷர். நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் பிரேக்குக்கு எட்டவே இல்லை.

"நான் எப்படி ஓட்டறது?"

"நீ எதுக்கு ஓட்டணும்? நான் இருக்கேன்ல."

இதை அன்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நான் கேட்டது வண்டி, அவர் செய்துகொண்டது தனக்கு ஒரு வேலை. என் காசில், என் ஷெட்டில், என் மாவைக் காரணமாகக் காட்டி. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். குழம்பில் உப்பு கம்மி என்றார்.

வண்டி ஒரு வழியாக ஓடும் நிலைக்கு வந்தபோது விஸ்வகர்மா பூஜை வந்தது. இங்கே வண்டி, மிஷின், சுத்தியல் எல்லாவற்றுக்கும் அன்றைக்குத்தான் பூஜை. ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு ரிக்‌ஷா ஸ்டாண்டு பந்தல், வானம் முழுக்கப் பட்டம். மேல்வீட்டுக்காரர் வந்து, கிளப் பந்தலுக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள், பூஜை போட்டு அன்றே ஓட்டிவிடலாம் என்று கூப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது. புரட்டாசி பிறந்தால் நியூ டவுனில் ஆர்டர் கூடும், அதற்குள் வண்டி கைக்கு வந்துவிடும் என்று. இவர் சம்மதிக்கவில்லை. "நமக்கு ஆயுத பூஜைதான்" என்றுவிட்டார். சரி, நம் வழக்கம், நானும் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ஆயுத பூஜையன்று கருவியைத் தொடக்கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். ஆயுத பூஜை நாளோ இந்த ஊரில் துர்கா பூஜையின் நவமி. ஊரே தெருவில் நிற்கும் நாள். லீவில் இருந்த ஐ.டி. பிள்ளைகள் தோசைக்கு மாவு கேட்டுக் கேட்டு மெசேஜ் போட்டார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்து, ஃபிரிட்ஜுக்கு மாலை போட்டு, வண்டி ஷெட்டில் சாமியாக நின்றது. நான் தோளில் பைகளை மாட்டிக்கொண்டு, பந்தல் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் பஸ் கிடைக்காமல் பாதி தூரம் நடந்து போய் மாவு கொடுத்தேன்.

விஜயதசமியன்று எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி கிளம்பியது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஓடியது. நான் பின்பலகையில் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனேன். நம்பர் பிளேட், பதிவு எல்லாம் வீண் செலவு என்று விட்டுவிட்டதால் போலீஸ் நிற்கும் பெரிய சாலைப் பக்கம் போகக்கூடாது. கால்வாயைத் தாண்டி, சந்து சந்தாக நுழைந்து, பஸ்ஸில் ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு போனோம். கொஞ்சம் மாவுதான் என்பதால் பெட்டியில் காற்றாட இடம் இருந்தது. மாவு லேசாக வெதுவெதுப்பாக இறங்கியது. நான் அதைச் சொன்னபோது, "அரைச்ச சூடு" என்றார். அரைத்து எத்தனை நேரம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியாதா என்ன.

பிறகு தீபாவளி வந்தது.

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லி சாப்பிடாத தமிழ் வீடு உண்டா. நியூ டவுனில் பல கட்டடங்களில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து என்னிடமே ஆர்டர் கொடுத்திருந்தன. அந்தப் பெண் போன் பண்ணி, "ஆன்ட்டி, இத நல்லபடியா பண்ணிட்டீங்கன்னா மாசா மாசம் எல்லா டவரும் உங்ககிட்டயே வாங்கிப்பாங்க. நான் பேசி வச்சிருக்கேன்" என்றாள். நான் அவ்வளவு மாவு ஒரே சமயத்தில் அரைத்ததில்லை. கை மரத்துப் போகிற அளவுக்கு அரைத்தேன். முதல் நாள் முற்பகலில் கொடுத்துவிட வேண்டும், மறுநாள் விடியும்போது சரியாகப் பொங்கி நிற்க வேண்டும். அதற்குத் தகுந்த மாதிரி பாதி பதத்தில் நிறுத்தி பாக்கெட் போட்டேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் தொட்டுப் பார்த்துத்தான் ஏற்றினேன். ஃபிரிட்ஜ் வாய் வரைக்கும் நிரம்பியது. கதவை அமுக்கி மூட வேண்டியிருந்தது.

அன்றைக்குக் காளி பூஜைப் பந்தல் மூங்கில்கள் சந்துகளில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றன. சுற்றிச் சுற்றிப் போனோம். அவ்வளவு பாரத்தைக் கண்டிராத பழைய பேட்டரிகள் கால்வாய்ப் பாலத்தின் ஏற்றத்திலேயே முனகிக்கொண்டு நின்றுவிட்டன. பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் திட்டினார்கள். இவர் இறங்கி, "கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தா மறுபடி ஏறும்" என்றார். ஏறியதுதான். பாலத்தைத் தாண்டி ஒரு சந்து போனதும் மறுபடி நின்றது. மறுபடி ரெஸ்ட். வெயில் ஏறிவிட்டது. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கையை வைத்தால் வெளியில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இன்சுலேஷன்.

"ஆப் கேப் கூப்பிடறேன்" என்று போனை எடுத்தேன்.

"இதோ வந்தாச்சு. பண்டிகை நாள்ல அவன் ரெட்டிப்பு கேப்பான்."

"போகட்டும். மாவு போயிடுங்க."

"ஒண்ணும் போகாது. சொன்னா கேளு."

"ஒரு தடவ திறந்து பாத்துக்கறேன்."

"திறக்காத. குளிர்ச்சி போயிடும்."

நடுத்தெருவில் நின்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மனுஷர் வியர்வை சொட்டச் சொட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். நானும் பின்னால் கை கொடுத்துத் தள்ளினேன். எடுத்த போன் மறுபடி இடுப்புக்கே போயிருந்தது.

கேட்டுக்கு முன்னால் அந்தப் பெண்ணும் இன்னும் சில பெண்களும் பாத்திரங்களோடு நின்றார்கள். குழந்தைகள் புதுச் சட்டைப் பேச்சாக இருந்தார்கள். இவர் ஒரு அமைச்சர் பாலம் திறப்பதுபோல ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஆவியாக ஒரு புளிப்பு வாசனை வந்தது. பாக்கெட்டுகள் உப்பி, ஒன்றையொன்று நெருக்கி, முக்கால்வாசி வெடித்துவிட்டிருந்தன. மாவு பொங்கிப் பலகையின் இடுக்கில் இறங்கி, பேட்டரி முனைகளின் மேல் வழிந்து, கன்ட்ரோலர் மேல் புசுபுசுவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எரிந்த ரப்பர் வாசனையும் சேர்ந்துகொண்டது. ஒரு குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டது.

வெடிக்காத பாக்கெட்டுகளைப் பொறுக்கிப் புடவைத் தலைப்பால் துடைத்து நீட்டினேன். அந்தப் பெண் வாங்கவில்லை. பேட்டரியை எட்டிப் பார்த்தாள். "பரவால்ல ஆன்ட்டி, விடுங்க. குழந்தைங்க சாப்பிடறது பாருங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். பின்னால் நின்றவள் அதற்குள் போனில் வேறு எங்கோ மாவு தேடிக்கொண்டிருந்தாள். அவள்மேல் என்ன தப்பு, விடிந்தால் தீபாவளி.

நான் திரும்பிப் பார்த்தபோது இவர் கேட் காவலாளியிடம் நின்றுகொண்டு, மோட்டார் எங்கே வாங்கினது, ஃபிரிட்ஜ் எப்படிச் சும்மா கிடைத்தது என்று ஹிந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அழவில்லை. அழுகிற அளவுக்குக்கூட எனக்கு அவரோடு பேச்சு மிச்சமில்லை.

வாட்ஸ்அப்பில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆர்டர் வரவில்லை, அவ்வளவுதான். நானாகப் போட்ட மெசேஜ்களுக்கு இரண்டு கை கூப்பும் படம் வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. ஒரு இளம் தம்பதி நியூ டவுனிலேயே சமையல்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, உள்ளே நிஜமாகவே குளிரும் வேன் வைத்து, அச்சடித்த பாக்கெட்டில் மாவு போட ஆரம்பித்திருந்தார்கள். தீபாவளியன்று அந்தக் குடும்பங்களுக்குக் கை கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

இவருக்கு இதிலெல்லாம் வருத்தமே இல்லை என்று சொன்னால் அநியாயம். ஓரிரண்டு நாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். பிறகு, "ஒரு சின்ன மாடிஃபிகேஷன் போதும்" என்று ஆரம்பித்தார். ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டு, பேட்டரிக்குத் தனியாகத் தகரப் பெட்டி அடித்தார். காய்ந்து கல்லாகிவிட்ட மாவை பேட்டரிகளிலிருந்து சுரண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் புது பேட்டரியே வாங்கினார். சக்கரங்களையும் ஜோடியாக மாற்றினார். எல்லாம் நான் டோட்டோவுக்கு ஒதுக்கி வைத்த காசில்தான். மாவு ஏற்ற வேண்டியிராத அந்த வண்டி இப்போது அருமையாக ஓடுகிறது. மேல்வீட்டுக்காரர் தன் சம்பந்தியைக் கூட்டி வந்து காட்டினார்.

தை மாதம் அந்தப் பெண்ணே போன் பண்ணினாள். நல்ல மனசுதான் அவளுக்கு. "ஆன்ட்டி, அந்த மாவுக் கம்பெனியில பதம் தெரிஞ்ச ஆள் தேடறாங்க. குளிர்ல மாவு பொங்கவே மாட்டேங்குதாம். உங்க பேரச் சொன்னேன், பழைய கதை ஒண்ணும் சொல்லல. போய்ப் பாக்கறீங்களா?" என்றாள். வீட்டு வாடகை ஏறியிருந்தது. போய்ப் பார்த்தேன். அவர்களுக்கு என் மகள் வயசு. மரியாதையாகப் பேசினார்கள். எந்த அரிசி, எவ்வளவு ஊறல், குளிர் காலத்தில் எங்கே வைத்துப் பொங்க விடுவது என்று கேட்டார்கள். நான் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் ஒரே காலையில் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதற்குத்தான் சம்பளம்.

இப்போது தினமும் காலையில் அவர்தான் என்னை வண்டியில் கொண்டுவிடுகிறார். ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் எனக்காக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார், மெத்தை வைத்து. வேலை ஆட்கள் நுழையும் பின்வாசலில் நிறுத்துவார். போன வாரக் கடைசியில் முதலாளிப் பெண் சந்தோஷமாக என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினாள். வாங்குகிற யாரோ எழுதியிருந்தார்கள், மாவு இப்போது பழைய ஆன்ட்டி மாவு மாதிரியே இருக்கிறதாம். "யாரு ஆன்ட்டி அது, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு வேலை முடிந்து வெளியே வந்தபோது அவர் பின்வாசல் காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். தினம் பஸ்ஸில் வந்தால் எவ்வளவு, ஆப் கேப் என்றால் எவ்வளவு, இந்த வண்டியில் எவ்வளவு என்று விரல் விட்டுக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கேட்டியா, இன்னும் ஒரு வருஷம் நீ இங்க வேலைக்கு வந்தேன்னா வண்டிக்குப் போட்டது முழுக்க வந்துடும்" என்றார். முகத்தில் அதே வெளிச்சம். காவலாளி தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். நான் ஏறி பெஞ்சில் உட்கார்ந்தேன், வண்டி நேராக ஓடியது.